'மார்கோ' பார்த்துப் பதறாதவன் 'வார்ஃபேர்' பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டேன், ஏன்?

பித்தளைக்கடை, காரைக்குடி:

வணக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு இரண்டாவது ஆட்டம் போவது இருபது வருஷப் பழக்கம். துப்பாக்கி, போர், சைக்கோ கொலை, எது வந்தாலும் விடமாட்டேன். 'விக்ரம்' மூன்று தடவை பார்த்தேன். 'ஜெயிலர்' படத்தில் தலை துண்டாகும் இடத்தில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

போன வருஷம் 'மார்கோ' பார்த்தேன். 2024 கடைசியில் வந்த மலையாளப் படம், 'ஏ' சான்றிதழ். குழந்தையைக்கூட விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ரத்தம் பார்த்துப் பார்த்து மரத்துப்போய்விட்டோமோ என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக 'வார்ஃபேர்' பார்த்தேன். 2025ல் வந்த படம். அலெக்ஸ் கார்லண்டும் ரே மென்டோசாவும் சேர்ந்து எடுத்தது. மென்டோசா அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற அதிரடிப் படைப் பிரிவில் இருந்தவர். 2006ல் ஈராக்கின் ரமாடியில் அவர்களுக்கு நடந்ததை, கூட இருந்தவர்களின் ஞாபகத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். குண்டு வெடித்து அடிபட்டவன் கத்துகிறான். கத்திக்கொண்டே இருக்கிறான். கேமரா வேறு பக்கம் போனாலும் அந்தக் கத்தல் நிற்கவில்லை. நான் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் அந்தப் பட்டாளம் ராத்திரியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, மாடிப் பகுதிக்குப் போகச் சம்மட்டியால் சுவரை உடைக்கும். வீட்டுக்காரர்கள் ஒரு அறையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் பட்டாளம் வண்டியேறிப் போய்விடும், உடைந்த வீட்டில் அவர்கள் மட்டும் நிற்பார்கள். எனக்குச் சுவர் உடைகிற சத்தம் புதிதல்ல. பங்காளிகள் ஒத்துப்போய் ஒரு வீட்டை இடிக்கக் கொடுத்தால் கதவு, நிலை, தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் பேசி எடுக்க என்னைப் போன்றவர்கள்தான் போவோம். முதல் சம்மட்டி அடி விழும்போது முகப்பில் நிற்கும் வயசான ஆச்சிமார் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் படத்தில் திரும்பப் பார்த்தேன்.

சரி, என் கேள்வி இதுதான். ஒரு படத்தில் சாவு சாவாகப் படுகிறது, இன்னொன்றில் வெறும் எண்ணிக்கையாகப் போகிறது. வித்தியாசம் எதில் இருக்கிறது? ரத்தத்தின் அளவில் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதற்கு 'கில்' என்ற இந்திப் படமே சாட்சி. ஓடும் ரயிலுக்குள் படம் முழுக்க வெட்டுக்குத்துதான். ஆனால் அந்தக் கொள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். சித்தப்பன், பெரியப்பன், மச்சான் என்று வந்திருக்கிறார்கள். ஒருத்தன் செத்தால் இன்னொருத்தன் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறான். அந்த அழுகை அங்கே வருமென்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒலி, தேவகோட்டை:

அண்ணே, நான் வடபழனிப் பக்கம் ஒலிப்பதிவில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் காதில் இருக்கிறது.

கமர்ஷியல் படத்தில் ஒருவன் சாகும்போது மூன்று சத்தம் ஒன்றாக வரும். அடி விழும் சத்தத்துக்கு அடியில் நெஞ்சை அதிரவைக்க 'தும்' என்று ஒரு கனத்த சத்தம் சேர்ப்போம். எலும்பு முறிவதற்குக் காய்கறித் தண்டை ஒடித்துப் பதிவு செய்வது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். இதற்கெல்லாம் மேலே ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, ஏறும். செத்தவன் கத்துவதற்கு அங்கே இடமே கிடையாது. இசை உங்களைக் கை தட்டச் சொல்கிறது, தட்டுகிறீர்கள்.

'வார்ஃபேர்' படத்தில் பின்னணி இசையே இல்லை. குண்டு வெடித்ததும் காது அடைத்துப்போய், எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். பிறகு காது மெல்லத் திறக்கும்போது முதலில் வருவது அந்தக் கத்தல். ஹெட்போனில் கேட்டேன் என்கிறீர்கள், பிறகு எப்படித் தாங்கும்?

நம் ஊர் விஷயம் ஒன்று. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில்தான் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். 1947ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். வடபழனிக்குப் போனது அதற்குப் பிறகு. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஹவில்தார் (ஓய்வு), சிவகங்கை:

தம்பிகளா, நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். 'வார்ஃபேர்' படத்தின் முதல் அரை மணி நேரம் போர் அடிக்கிறது என்று என் மருமகன் சொன்னான். எனக்கு அந்த அரை மணிதான் நிஜம். ஒருத்தன் தூரநோக்கியில் தெருவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான், மற்றவன் தூங்கி வழிவான். பட்டாளத்துக்காரன் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். நம் படங்களில் யாரும் காத்திருப்பதே இல்லை.

'அமரன்' பற்றி யாரும் எழுதவில்லையே. மேஜர் முகுந்த் வரதராஜன், 44 ராஷ்ட்ரீய ரைஃபிள்ஸ். 2014 ஏப்ரல் 25ல் காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம். மறு வருஷம் குடியரசு தினத்தில் அவர் மனைவி இந்து டெல்லியில் அசோக சக்ரா வாங்கிக்கொண்டதை டிவியில் பார்த்து அழுதவன் நான். படத்தில் சண்டைக் காட்சிகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அவை என்னை அசைக்கவில்லை. அந்தப் பெண் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கும் இடங்களெல்லாம் அசைத்தன. என் வீட்டுக்காரி அந்த மாதிரி எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பாள் என்று நான் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. படம் முடிந்து வீட்டுக்கு வந்து கேட்டேன்.

டீச்சர், கோட்டையூர்:

நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 'மார்கோ'வில் யாரை எப்படிக் கொன்றார்கள் என்று என் வகுப்புப் பையன்கள் வரிசையாகச் சொல்கிறார்கள். 'ஏ' படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. 'மார்கோ'வை டிவிக்கு விடவும் தணிக்கை வாரியம் மறுத்துவிட்டது. ஆனால் பையன் கையில்தான் போன் இருக்கிறதே! 2024 விதிகளில் யூஏவை 7, 13, 16 என்று வயது வைத்துப் பிரித்தது நல்ல விஷயம். ஆனால் 'ஏ' படத்துக்காவது வயதைப் பார்த்துத் தியேட்டருக்குள் விடுகிறார்களா? எங்கள் பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'ஏ' படம் பார்த்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். குழந்தை அழுததும் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அதற்குமேல் படம் ஓடவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளத்தூர் வளவு:

தம்பி, நான் இந்த மாதிரிப் படங்கள் அதிகம் பார்ப்பதில்லை. எங்கள் ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், லட்சக்கணக்கான பேர் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் ஐயாவும் ஒருவர். வழியில் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடைந்து குடைந்து கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வார்கள்: கூட வந்த கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல், தண்ணீர் கேட்டார், ஐயா செம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவர் இல்லை. "தண்ணி செம்புலயே இருந்துச்சு" என்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார்கள்.

பேரன் கட்டாயப்படுத்தி 'ஆல் க்வயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' போட்டுக் காட்டினான். அதன் ஆரம்பத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு அந்த முதல் கால் மணி நேரமே போதும் என்று ஆகிவிட்டது.

பித்தளைக்கடை, காரைக்குடி:

ஆச்சி, உங்கள் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கல்லாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜெர்மன் படம் 2022ல் வந்தது, நான்கு ஆஸ்கர் வாங்கியது. நீங்கள் சொல்லும் ஆரம்பத்தை எனக்கு மறக்கவே முடியாது. ஒரு பையன் சாகிறான். பிணத்திலிருந்து உடுப்பைக் கழற்றி, மூட்டை கட்டி, ஊருக்கு அனுப்பி, கொப்பரையில் போட்டு அலசுகிறார்கள், தண்ணீர் சிவப்பாகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தையல் மெஷினில் ஓட்டைகளைத் தைக்கிறார்கள். புதிதாகச் சேரும் பையனுக்கு அதே உடுப்பு. காலரில் வேறொருவன் பேர் இருக்கிறது, இது என்னுடையது இல்லையே என்று வெகுளியாகக் கேட்கிறான். அளவு பத்தாமல் திருப்பியிருப்பான் என்று சொல்லி, அதிகாரி அந்தப் பேரைக் கிழித்துத் தரையில் போடுகிறார்.

என் கடைக்கு வரும் குடம், தூக்கு, அண்டா எல்லாவற்றிலும் உடையவர் பேர், விலாசம் வெட்டியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா. சில பேர் வாங்கும்போது, "இந்தப் பேரைத் தேய்த்து எடுத்துவிட முடியுமா" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துக் கொடுப்பேன். அந்தப் படம் பார்த்ததிலிருந்து செய்வதில்லை. பேரோடு எடுப்பதானால் எடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வியாபாரம் போயிருக்கிறது, போகட்டும்.

ஹவில்தார் அண்ணன் சொன்னதும் சரிதான். செத்தவனுக்கு ஒரு பேர், அவனுக்காகக் காத்திருக்க ஒரு ஆள், அழ ஒரு நிமிஷம், இந்த மூன்றையும் கொடுக்கிற படத்தில் எவ்வளவு ரத்தம் இருந்தாலும் எனக்குச் சம்மதம். 'விடுதலை' முதல் பாகத்தில் ரயில் கவிழ்ந்தபிறகு வெற்றிமாறன் கேமராவை வெட்டாமல், அடிபட்டவர்களுக்கு நடுவே நடத்திக்கொண்டே போவார். அது இந்த வகை. 'மகாராஜா'வில் ஒரு இரும்புக் குப்பைத்தொட்டிக்கு 'லட்சுமி' என்று பேர் வைத்து, அதற்காக ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷனில் அடிவாங்கிக்கொண்டு நிற்பான். அதுவும் இந்த வகைதான்.

டீச்சர், என் மகனுக்குப் பதினாலு வயது. 'மார்கோ'வைப் போனில் பார்த்துவிட்டானா என்று இன்றைக்குக் கேட்கிறேன். பார்த்திருந்தால் திட்டப்போவதில்லை. இரண்டு வருஷம் போகட்டும், அந்த ஜெர்மன் படத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு பார்க்கிறேன்.

ஆச்சி, ஒன்று கேட்கலாமா? அந்தச் செம்பு இன்னும் வீட்டில் இருக்கிறதா?

பள்ளத்தூர் வளவு:

இருக்கிறது தம்பி. சாமி வீட்டில் வைத்திருக்கிறோம். விற்பதற்கில்லை.