கீழ் ஆர்பிஎம்மில் கரும்புகை: ஸ்வர்ல் ஃப்ளாப்தான் காரணமா?

2 லிட்டர், 4 சிலிண்டர் காமன் ரெயில் டீசல் இன்ஜின். 3 வாரமாக 1,200 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மிதித்தால் கரும்புகை, இழுவையும் இல்லை. 2,500 தாண்டினால் சுத்தமாக ஓடுகிறது. ஸ்கேனரில் ஒரு ஃபால்ட் கோடும் (பிழைக் குறியீடும்) காட்டவில்லை.

இன்ஜெக்டர் நான்கையும் டெஸ்ட் செய்தாயிற்று. ஈஜிஆர் வால்வைச் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) சுத்தம் செய்தேன், ஏர் ஃபில்டர் புதிது, டர்போ குழாயில் கசிவில்லை. அப்புறம் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினேன். குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குக் காற்று போகும் ஒரு போர்ட்டை மூடி, காற்றைச் சுழலவிட்டு டீசலோடு நன்றாகக் கலக்க வைக்கும் ஸ்வர்ல் ஃப்ளாப்கள் கரி அப்பிக் கிடந்தன. சுரண்டி எடுத்தேன். ஃப்ளாப்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பி இப்போது முழுதாக நகர்கிறது. ஆனால் மூன்றாவது சிலிண்டரின் ஃப்ளாப் தகடு மட்டும் விரல் பட்டாலே ஆடுகிறது, சரியாக மூடவில்லை. புகையும் குறையவில்லை.

ஒரே ஒரு சிலிண்டரில் காற்றுச் சுழற்சி குறைந்தாலே இவ்வளவு புகை வருமா?