பி450 டோமஹாக் போர்டு: ரைசன் 5600 போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை

கேள்வி: எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மதர்போர்டில் பழைய பயாஸ்தான் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறது, அதற்கு 5600 தெரியவில்லை போல. முன்பிருந்த 2600 ப்ராசசரை விற்றாகிவிட்டது. அது இல்லாமல் பயாஸ் அப்டேட் செய்ய வழி உண்டா?

பதில் 1: உண்டு. அந்த போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் இருக்கிறது, ப்ராசசரே தேவையில்லை. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள். எம்எஸ்ஐ தளத்தில் இறக்கிய பயாஸ் ஜிப்பைப் பிரித்து, உள்ளிருக்கும் பயாஸ் ஃபைலுக்கு எம்எஸ்ஐ டாட் ரோம் (MSI.ROM) என்று பெயர் மாற்றி பென்டிரைவில் போடுங்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பவர் சப்ளையின் 24 பின், 8 பின் இரண்டு கனெக்டரையும் போர்டில் செருகி, பட்டனுக்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் டிரைவைப் போட்டு, 3 முதல் 5 விநாடி அழுத்துங்கள். விளக்கு மின்னி அணையும்வரை தொடவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் பயாஸ் பாதியில் நிற்கும், யுபிஎஸ் இருந்தால் நல்லது.

பதில் 2: டோமஹாக் மேக்ஸ் என்ற இன்னொரு மாடல் போர்டுக்கான ஃபைல் வேறு, மாற்றி இறக்கிவிடாதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருந்தால் ரெகவரி கீயை இப்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ப்ராசசர் மாறினால் எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி) சாவியும் போய்விடும், பிட்லாக்கர் அந்த ரெகவரி கீயைக் கேட்கும். ரேம் வேக செட்டிங்கும் அழிந்துவிடும். பயாஸில் ஏ-எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) திரும்ப ஆன் செய்யுங்கள்.