மாணவர்களின் மனவலி: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் துணைப்பாட வகுப்பு ஒன்றில் தொண்டூழியராகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். உயர்நிலை 4 மாணவர் ஒருவரின் தாத்தா அண்மையில் தவறிவிட்டார். மறுவாரமே வகுப்புக்கு வந்து எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். ஆனால் ஒரே கணக்கை அழித்து அழித்து எழுதியதில் தாளே கிழிந்துவிட்டது. “ஒண்ணும் இல்ல சார்” என்றார். கொஞ்சம் கழித்து, “அம்மா அழுதுட்டே இருக்காங்க. நானும் அழுதா வீட்டுல யார் தைரியமா இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஓ லெவல் தேர்வு நெருக்கடி வேறு. “ஆம்பளப் பிள்ளை, நீதான் தாங்கணும்” என்று உறவினர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது அவர் வாயை அடைக்கிறது.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். 16 முதல் 30 வயதுவரை உள்ளோருக்கான ‘சாட்’ (CHAT) மனநலச் சேவையும் தெரியும். மனம் உடைந்த எந்த நேரத்திலும் 1767 என்ற எஸ்ஓஎஸ் (SOS) அமைப்பின் உதவி எண்ணை அழைக்கலாம், பேச முடியாவிட்டால் 9151 1767க்கு வாட்ஸ்அப் செய்யலாம் என்று வகுப்பில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். மாணவரோ, ஆலோசகர் அறைக்குள் போவதை நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்று தயங்குகிறார்.

பெற்றோரிடம் தமிழிலேயே இதமாகப் பேசக்கூடிய ஆலோசகர் யாரையாவது தெரியுமா? ‘மனநல உதவி’ என்றதும் மிரளும் அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? இதே வயதில் துக்கத்தை அடக்கிவைத்திருந்த இளையர்கள் யாராவது இருந்தால், அப்போது யார் என்ன செய்தது உங்களுக்கு உதவியது என்று எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் எனக்குத் தனியாக அனுப்பலாம்.