மறுமொழி: தன்சிமாத் – தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களே,

திங்கட்கிழமை பாடநூல் அச்சுக்குப் போகிறது. உதுமானியப் பேரரசு பாடத்தில் 'தன்சிமாத்' பகுதியின் தலைப்பு மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த அரசு ஆணைகளாலும் சட்டங்களாலும் தன்னை மாற்றியமைத்த காலத்துக்குத்தான் தன்சிமாத் என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தேன்; நீங்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'மேலைமயமாக்கம்' வேண்டவே வேண்டாம். 1839 நவம்பர் 3 அன்று இஸ்தான்புல் அரண்மனைத் தோட்டமான குல்ஹானேயில் வெளியுறவு அமைச்சர் முஸ்தபா ரெஷித் பாஷா படித்த, தன்சிமாத்தைத் தொடங்கிவைத்த ஆணையைப் பாருங்கள். குர்ஆனையும் ஷரீஅத்தையும் மதிக்காமல் விட்டதால்தான் 150 ஆண்டுகளாக அரசு தளர்ந்தது என்று தொடங்குகிறது. அப்புறம்தான் உயிர், மானம், உடைமைக்குக் காப்பு, ஒழுங்கான வரி, படைக்கு ஆள் எடுக்கும் முறை எல்லாம். ஐரோப்பாவைப் பார்த்துச் செய்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் வைத்த பெயரில் மேற்கு இல்லை.

'சீர்திருத்தம்' எல்லோருக்கும் புரியும், சரி. ஆனால் அதே காலத்தில் வந்த 1856 ஆணையின் பெயரே இஸ்லாஹாத். அதற்கு நேர்ச்சொல் சீர்திருத்தம். இங்கேயே அதைச் செலவழித்துவிட்டால் அங்கே எதைப் போடுவது? கரும்பலகையில் இரண்டையும் சீர்திருத்தம் என்றே எழுதினேன். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த இழையே அந்தக் கேள்வியில் பிறந்ததுதான்.

வேருக்கு வருவோம். தன்சிமாத் என்ற சொல் பிறந்த அரபி வேருக்கு முத்தை நூலில் கோப்பது, ஒழுங்குபடுத்துவது என்று பொருள். சுல்தான் மூன்றாம் செலிமின் 'நிஜாமே ஜெதித்' (புதிய ஒழுங்கு), ஐதராபாத் நிஜாம், செய்யுளைக் குறிக்கும் நஸ்ம், எல்லாம் ஒரே வேர். நம்மிடமும் கோத்தது கோவை: ஆசாரக்கோவை. யாழ்ப்பாண நண்பர் சொன்ன 'தண்டனைச் சட்டக்கோவை' இலங்கையில் இன்றும் வழக்கில் இருக்கிறது. கட்டுவது யாப்பு, செய்யுளுக்கும் அதுவே பெயர். எவ்வளவு அழகான ஒற்றுமை! ஆனால் 1876இல் வந்த உதுமானிய அரசியல் யாப்புக்கு 'யாப்பு' என்ற சொல் வேண்டும். 'கோவைக் காலம்' என்றால் பிள்ளைகள் கோயம்புத்தூரை நினைப்பார்கள் என்று அம்மா சொன்னதும் நியாயமே.

ஆகவே என் பரிந்துரை 'ஒழுங்கமைப்புகள்'. தன்சிமாத் பன்மை, 1858இன் நிலச் சட்டமும் தண்டனைச் சட்டமும்கூட அதில் அடங்கும். ஒருமையில் 'மறுசீரமைப்பு' என்றால் வங்கிக் கடன்தான் நினைவுக்கு வருகிறது.

இதுவரை எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேர் 'மறுசீரமைப்பு' என்கிறீர்கள். சரி, தலைப்பில் அதையே போடுகிறேன். பாடத்துக்குள் முதல் வரியில் 'தன்சிமாத், அதாவது ஒழுங்கமைப்புகள்' என்று எழுதிவிடுவேன். அதை நீக்க ஒப்ப மாட்டேன். தன்சிமாத்தா தன்ஸிமாத்தா, எழுத்து சி-யா ஸி-யா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். வேறு நல்ல சொல் கிடைத்தால் ஞாயிறு இரவுக்குள் மடல் போடுங்கள்.