செவ்வாய்க்கிழமை சோசல் வேர்க்கர் வருகிறார்

குழு: எங்கட வீடு
ஞாயிற்றுக்கிழமை

நான் (ஹரோ) 18:12
எல்லாருக்கும் ஒரு விசயம். ஃபொஸ்டரிங்குக்கு, அதாவது வேறு வீட்டுப் பிள்ளையை எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க, விண்ணப்பித்தோம் அல்லவா? அதற்காக எங்களை விசாரிக்கும் சோசல் வேர்க்கர் செவ்வாய் பின்னேரம் ஐந்தாவது தடவையாக வருகிறார். இந்த முறை என் சின்ன வயதுக் கதை. பிறந்ததிலிருந்து லண்டன் வந்தது வரை ஆண்டு வாரியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாதி ஞாபகமில்லை. 95இல் சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து எத்தனை மாதம் வெளியில் இருந்தோம்?

பெரியண்ணா (ரொறன்ரோ) 18:20
ஒக்ரோபர் 30 இரவு வெளிக்கிட்டோம். திரும்பியது 96 சித்திரையில், வருசப்பிறப்புக் கழிந்து. உனக்கு ஏழு வயது. அதுசரி, இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? பிள்ளை பார்க்கத் தெரியுமா என்றுதானே கேட்க வேண்டும்?

மச்சாள் (ஈஸ்ட்ஹாம்) 18:24
அத்தான், வளர்ந்த கதையைத்தான் முதலில் கேட்பார்கள். ஃபோர்ம் எஃப் என்று ஒரு அறிக்கை எழுதுவார்கள். வளர்ந்த விதம், கலியாணம், காசு, வருத்தம், கோபம் எல்லாம் அதில் வரும். ஆறு வருசத்துக்கு முன் எனக்கு எழுதியதை வாசித்தபோது, இந்தப் பெண் யார் என்று யோசித்தேன்.

அக்கா (கோண்டாவில்) 18:31
அம்மா பக்கத்தில் இருக்கிறா. சொல்லச் சொல்லி எழுதுகிறேன்: “உனக்கு ஒரு பிள்ளை இருக்கு. பிறகேன் தத்தெடுக்கிறாய்?”

நான் 18:35
தத்து இல்லை அம்மா. அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருப்பார்கள். அவர்களால் இப்போதைக்குப் பார்க்க முடியாது, அதனால் கவுன்சில் பொறுப்பெடுத்து எங்கள் வீட்டில் விடும். தாயைச் சந்திக்க நாங்களே கூட்டிக்கொண்டு போக வேண்டியும் வரும். சில பிள்ளைகள் இரண்டு கிழமை, சில பிள்ளைகள் பதினெட்டு வயது வரை.

பெரியண்ணா 18:37
காசும் தருவார்களாமே 🙂

மச்சாள் 18:40
கிழமைக்குக் கிழமை கொடுப்பனவு வரும். பிள்ளையின் வயதைப் பொறுத்தது, லண்டன் என்றால் கொஞ்சம் கூட. அதை நம்பி இறங்கினால் மூன்றாம் மாதமே ஓடிவிடுவீர்கள். என் முதல் பிள்ளை வந்த கிழமை நான் ஒரு இரவும் முழுதாகப் படுக்கவில்லை.

மச்சாள் 18:41
தங்கச்சி, வீட்டுப் பக்கம் எல்லாம் முடிந்ததா?

நான் 18:47
முடிந்த மாதிரி. ஸ்கில்ஸ் டு ஃபொஸ்டர் வகுப்புக்கு இருவரும் போய்விட்டோம். ஜீபி (குடும்ப வைத்தியர்) மெடிக்கல் முடிந்தது. இவருடைய தம்பி எங்களோடு இருப்பதால் அவருக்கும் டிபிஎஸ் (குற்றப் பதிவுச் சோதனை) கேட்டார்கள், 18 வயது தாண்டிய எல்லாருக்கும் வேண்டுமாம். மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று. சோசல் வேர்க்கர் சாமித்தட்டு விளக்கைப் பார்த்து, இது எவ்வளவு நேரம் எரியும், பிள்ளைக்கு எட்டுமா என்று கேட்டார். இவர் அன்றிரவே தட்டை மேலே ஏற்றிவிட்டார். இப்போது விளக்குக் கொளுத்த எனக்குக் கதிரை வேண்டும்.

நான் 18:48
சின்ன அறைதான் இன்னும். பிள்ளைக்குத் தனி அறை வேண்டும். அங்கே அண்ணாவின் இரண்டு சூட்கேஸ் 2019இலிருந்து கிடக்கின்றன.

பெரியண்ணா 18:50
வருகிறேன் வருகிறேன். ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் சொல், நல்லதாக எழுதித் தருகிறேன்.

நான் 18:52
எங்கள் ஏஜென்சி சொந்தக்காரரை எடுக்காது. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரியையும் வேலையிடத்து மனேஜரையும் கொடுத்தோம். சோசல் வேர்க்கர் இரண்டு பேரையும் நேரில் பார்த்துக் கதைத்திருக்கிறார். மகளோடும் தனியாகக் கதைத்தார். “அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்துவா, பிறகு தோசை சுட்டுத் தருவா” என்று சொல்லியிருக்கிறாள். நான் வெட்கத்தில் குசினிக்குள் போய் நின்றுவிட்டேன்.

மச்சாள் 18:54
🤣 அது நல்ல பதில். பிழையே இல்லாத வீடு என்றால்தான் சந்தேகப்படுவார்கள்.

நான் 19:03
இனித்தான் உண்மையான பிரச்சினை. சின்ன வயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஃபொஸ்டர் பிள்ளைக்குக் கை ஓங்கவே கூடாது, சின்னத் தட்டுக்கூட இல்லை. அதனால் நோண்டி நோண்டிக் கேட்பார் போலிருக்கிறது. நான் என்ன சொல்ல?

அக்கா 19:06
அம்மா கேட்கிறா: “அடித்ததை வெள்ளைக்காரியிடம் சொல்லிக் கொடுக்கப் போகிறாளா?”

நான் 19:07
அவர் கானாக்காரி அம்மா.

பெரியண்ணா 19:09
அடிக்கவே இல்லை என்று சொல்லிவிடு. யார் யாழ்ப்பாணம் வந்து பூவரசமரத்தைக் கேட்கப் போகிறார்கள்?

மச்சாள் 19:15
அத்தான், தயவுசெய்து அப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அடி வாங்கியதற்காக யாரையும் கழிப்பதில்லை. மறைத்து, பிறகு தெரியவந்தால்தான் ஆபத்து. அறிக்கை பனலுக்கு, அதாவது உங்களை எடுக்கலாமா என்று பார்க்கிற குழுவுக்குப் போகும், அங்கே குறைந்தது ஐந்து பேர் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். தங்கச்சி, நீர் அடியை மட்டும் எழுதாதேயும். அடி விழுந்த பிறகு எங்கே போய் இருந்தீர், யார் வந்து கூப்பிட்டார்கள், உம்முடைய மகளுக்குக் கை ஓங்கப் பார்த்து எப்போது நிறுத்தினீர், அதையும் எழுதும். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

நான் 19:22
இன்னொன்றும் கேட்டார். முன்பின் தெரியாத வீட்டுக்கு வரும் பிள்ளையின் மனம் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று. நான் ஏதோ புத்தகத்தில் இருப்பதுபோல் உளறினேன்.

பெரியண்ணா 19:34
மட்டுவில் ரீச்சரம்மா வீட்டை மறந்துவிட்டாயா?

பெரியண்ணா 19:38
கைதடி தாண்டி நடந்து விடியத்தான் அங்கே போனோம். அவருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. நீ இரண்டு நாள் வாயே திறக்கவில்லை, சாப்பிடவுமில்லை. அம்மா உன்னை ஏச, ரீச்சரம்மா அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இரவு ரொட்டியும் சம்பலும் வைத்து, மேலே இன்னொரு தட்டால் மூடி, உன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். விடியப் பார்த்தால் தட்டு வெறுமை. சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவேயில்லை. அடுத்த இரவும் வைத்தார்.

மச்சாள் 19:40
இதை அப்படியே எழுதும். ஒரு சொல்லும் மாற்றாதேயும்.

நான் 19:46
அவருடைய முகம் ஞாபகம் வரவில்லை அண்ணா. தட்டு மட்டும் தெரிகிறது. பீங்கான், பச்சைக் கரை.

அக்கா 19:58
அம்மா இவ்வளவு நேரமும் ஒன்றும் கதைக்காமல் இருந்தா. இப்போது சொல்கிறா, பச்சை இல்லையாம், நீலக் கரையாம்.

அக்கா 19:59
அடித்ததையும் எழுதட்டாம். ஆனால் பூவரசந்தடி என்று போட வேண்டாமாம், தடி என்று மட்டும் போடட்டாம்.