நாடகத்தில் தனக்குள் பேசுவதும் ஒதுங்கிப் பேசுவதும்: எழுத்தில் எப்படி வேறுபடுத்துவது?

பெருந்துறை ஆசிரியை கேட்கிறார்:
வணக்கம். பள்ளி ஆண்டு விழாவுக்காகக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையைக் களமாகக் கொண்டு அரைமணி நேர நாடகம் ஒன்றை எழுதியிருக்கிறேன். மயிலைக் காளையை விற்க வந்த விவசாயி, வாங்க வந்தவர், தரகர் என மூன்றே பாத்திரங்கள். விவசாயி தனியே நின்று மனம் நொந்து பேசும் இடமும், தரகர் மற்றவர் காதில் விழாமல் அவையோரிடம் சொல்லும் இடமும் ஒத்திகையில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பாடநூலில் இரண்டுக்கும் தனிமொழி என்றே போட்டிருக்கிறார்கள். (இலக்கணத்தில் தனிமொழி என்றால் தனித்து நின்று பொருள் தரும் சொல் ஆயிற்றே என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்!) இவற்றை எப்படிப் பிரித்து எழுதுவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காங்கயம்:
பேசுபவரை விட்டுவிட்டு, கேட்பவர் யார் என்று பாருங்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் கூத்தில் வரும் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூவகையாக்குகிறார். நெஞ்சொடு கூறுவது உட்சொல். கேட்போர்க்கு உரைப்பது புறச்சொல். எதிரே ஆளில்லாமல் தானே கூறுவது ஆகாயச்சொல். அவரை நிரம்பையர், அதாவது நிரம்பை என்னும் ஊரினர், என்பதால் கொங்கு நாட்டார் நம்மவராகவே கொள்வது வழக்கம். நீளமாக ஒருவரே பேசினால் அது உட்சொல்லாகிவிடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசரின் உடலருகே ஆண்டனி நெடுநேரம் பேசினாலும், எதிரே ரோம மக்கள் நிற்பதால் அது புறச்சொல்லே. உங்கள் விவசாயி தன் நெஞ்சோடு பேசுவதால் அது உட்சொல். தரகரின் பேச்சு மேடையில் உள்ளவர் காதில் விழாமல் அவையோர்க்கு மட்டும் சொல்வதால், இந்த மூன்றில் எதிலும் சரியாக அடங்காது.

கூத்து பார்ப்பவர், சேலம்:
தரகரின் பேச்சுக்கு நெருக்கமான ஒன்று வடமொழி நாடக மரபில் உண்டு. மோதிர விரலை மடக்கிய திரிபதாகைக் கையால் மறைத்துக்கொண்டு, மேடையில் உள்ள ஒருவரிடம் மட்டும் பேசுவதை ஜனாந்திகம் என்பார்கள். மற்றவர்கள் அங்கேயே நின்றாலும் கேட்கவில்லை என்று அவையோர் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்களே, எனக்கு அது அப்படியே ஜனாந்திகமாகத்தான் படுகிறது. ஆனால் உங்கள் தரகர் அவையோரிடம் பேசுகிறார். அதற்கு நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கட்டியக்காரனைப் பாருங்கள்: அரசனுக்குப் பணிந்து பதில் சொன்ன வாயோடு கூட்டத்தின் பக்கம் திரும்பி அதே அரசனைக் கிண்டல் செய்வான், முகத்தைத் திருப்புவதைத் தவிர வேறு அடையாளம் எதுவும் அவனுக்குத் தேவைப்படுவதில்லை.

கோபி வாசகர்:
மரபெல்லாம் சரி, ஆனால் எழுத்திலேயே பிரித்துக்காட்ட நம் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. ‘இந்த வெலைக்குக் குடுத்துப்போட்டு எந்த மொகத்தோட ஊட்டுக்குப் போறதுங்க’ என்று விவசாயி சொன்னால், எதிரே யாரோ இருக்கிறார் என்பது அந்த ‘ங்க’விலேயே தெரிந்துவிடும். கொங்கில் யாரும் தன்னைத்தானே ‘ங்க’ போட்டு அழைத்துக்கொள்வதில்லை. எனவே உட்சொல்லில் அதை முற்றாக நீக்கிவிடுங்கள். தரகர் அவையோரிடம் பேசுகையில் வரிக்கு வரி வைத்துவிடுங்கள்.

பெருந்துறை ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. எழுதியதை எடுத்துப் பார்த்தேன். விவசாயியின் பேச்சில் ஏழு இடத்தில் ‘ங்க’ இருந்தது, நானே பழக்கத்தில் எழுதியவை. ஆறை அடித்துவிட்டேன். தரகர் திரும்பியதைக் கண்டு திடுக்கிட்டு அவர் சொல்லும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நடிக்கும் பையன், உட்சொல் முழுவதையும் அட்டையில் செய்த காளையின் திமிலைத் தடவிக்கொண்டே சொல்லட்டுமா என்று கேட்கிறான். நாளை ஒத்திகையில் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.