வெயிலில் சூடானதும் அணைந்துவிடும் ஸ்கூட்டர்

கேள்வி: தினமும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போகிறேன், 110 சிசி கார்புரேட்டர் வண்டி. காலையில் நன்றாக ஓடுகிறது, மதிய வெயிலில் கிரீன் சர்க்கிள் அருகே ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்து, சூடு தணிந்தபிறகுதான் கிளம்புகிறது. பிளக் புதுசு. வேறு எதைப் பார்ப்பது?

பதில் 1: நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள் அண்ணா. உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். காற்று போகாமல் பெட்ரோல் இறங்காது.

பதில் 2: அதுவும் சரியென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், சூடு, கை பத்திரம். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெரும்பாலும் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில்தான் கோளாறு, சூட்டில் கரண்ட் விட்டுப்போகும்.

பதில் 3: கார்புரேட்டரில் ஐடிலிங் ஜெட்டையும் (ஆக்சிலேட்டரை விட்டிருக்கும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்த மட்டும் விடாதீர்கள், துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும்.